மண்புழு தின்னும் நத்தை

நத்தை என்றதும் கீரைப் பாத்தியை இரவோடு இரவாக மேய்ந்துவிடும் பிராணிதான் நினைவுக்கு வரும். நியூசிலாந்தின் பவெல்லிஃபாண்டா நத்தைகளுக்கு இலைதழை உணவல்ல, அவை வேட்டையாடிகள். இருட்டியபின் ஈரச்சருகுக்கடியில் ஊர்ந்து மண்புழுவைத் தேடும். அகப்பட்டதைக் கூரிய நுண்பற்கள் வரிசையாகப் பதிந்த நாக்கால் கவ்வி, நூடுல்ஸை உறிஞ்சுவதுபோல் உள்ளே இழுத்துக்கொள்ளும். இவற்றில் பெரிய இனங்களின் ஓடு 9 செ.மீ. அகலம்கூட இருக்கும்.

வௌவாலைத் தவிர வேறு தரைவாழ் பாலூட்டியே இல்லாத தீவுகளில் உருவானவை இவை. பின்னர் மனிதர்களோடு வந்த எலியும் பன்றியும் பொசம் என்ற பைம்மாவும் இவற்றின் ஓட்டை உடைத்துத் தின்னத் தொடங்கின.

இவற்றுள் பவெல்லிஃபாண்டா அகஸ்டாவின் கதை தனி. தெற்குத் தீவில், ஸ்டாக்டன் நிலக்கரிச் சுரங்கத்தையொட்டிய அகஸ்டஸ் மலைமுகடு ஒன்றுதான் அதன் வீடாக இருந்தது. 1996இல் தாவர ஆர்வலர்கள் கண்ணில் பட்ட இது தனி இனம் என்று தெளிவானபோது, சுரங்கம் முகட்டை நெருங்கிவிட்டது. அறிவியல் பெயர் கிடைத்ததே 2008இல்தான். அதற்குள், முகட்டை வெட்டுவதற்காக அங்கிருந்த ஆயிரக்கணக்கான நத்தைகளைக் கையால் பொறுக்கி, ஏறத்தாழ 4,000ஐ வேறிடங்களில் விட்டார்கள். 2,000 அளவில் ஹோக்கிடிக்கா நகரில் குளிரூட்டிய அறையில் வைத்தார்கள். 2011இல் வெப்பநிலைக் கருவி பழுதாகிக் குளிர் மிகுந்து, சுமார் 800 நத்தைகள் செத்தன.

அந்த இழப்பு எவ்வளவு பெரிது என்பது இதன் வாழ்க்கை வேகத்தைப் பார்த்தால் புரியும். முட்டையிடும் பருவத்தை எட்டவே எட்டு ஆண்டுகள். பிறகும் ஆண்டுக்கு ஐந்து முட்டை அளவில்தான் இடும். அவை பொரிக்க ஓராண்டுக்கு மேல் ஆகும். பராமரிப்பில் உள்ள சில நத்தைகளுக்கு வயது 25க்கு மேல்!

முட்டையிடும் விதமும் விசித்திரமானது. உடலின் பெரும்பகுதி ஓட்டுக்குள் இருப்பதால், இனப்பெருக்கத் துளை தலைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாதலால், இணைசேர்வதும் முட்டையிடுவதும் அந்தத் துளை வழியாகவே. கழுத்திலிருந்து வெள்ளை முட்டை வெளிவரும் காட்சி 2025இல் முதன்முறையாகப் படமாக்கப்பட்டது.

அந்த ஆண்டு பராமரிப்பில் இருந்தவை ஏறத்தாழ 1,900 நத்தைகளும் 2,200 முட்டைகளும். பராமரிப்பு ஊழியர்களின் பொறுமைக்குக் கிடைத்த பலன் இது. ஆனாலும், மலையை வெட்டும் முன்பே அதில் என்ன வாழ்கிறது என்று முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். 1996இலேயே அதற்கு வாய்ப்பு இருந்தது.