பயிர் மருந்தும் வீட்டு அலுமாரியும்

ஊவா மாகாணத்தில் பதுளை நகருக்கு அண்மையிலுள்ள ஹாலிஎலப் பகுதியில் தாழ்ந்த வயல்களில் நெல்லும், சரிவு நிலங்களில் போஞ்சி, தக்காளி, கோவா முதலிய மரக்கறிகளும் பயிரிடப்படுகின்றன. பெரும்போகத்தில் நெல் விளையும் வயல்களுட் சில, சிறுபோகத்தில் மரக்கறிக்கோ உருளைக்கிழங்குக்கோ பயன்படுவதும் உண்டு. பயிர் மாறும்போது பீடையும் மாறுகின்றது. பீடை மாறும்போது மருந்தும் மாறுகின்றது. ஒரு பயிருக்கு வாங்கிய மருந்தில் எஞ்சியது, அடுத்த போகத்துக்கு உதவும் என்னும் எண்ணத்தோடு வீட்டுக்குக் கொண்டுவரப்படுகின்றது.

இவ்வாறு எஞ்சிய பாதிப் போத்தலே கமக்காரரின் வீட்டிலுள்ள பொருள்களுள் மிகவும் அபாயமானது. வயலிலே தெளிக்கப்படுவது நீரிற் கலந்த மருந்தாகும். 10 லீற்றர் நீருக்கு 10 மில்லிலீற்றர் வீதம் கலக்கும் மருந்தாயின், தெளிக்கப்படும் நீரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே மருந்து உண்டு. வீட்டில் வைக்கப்படுவதோ நீர் கலவாத முழு மருந்து. வயலில் முகத்தையும் கைகளையும் மூடிக்கொண்டு கவனத்தோடு மருந்தடிப்பவர், வீட்டிற்கு வந்ததும் அதனினும் பன்மடங்கு வலிய நஞ்சைத் திறந்த றாக்கையில் வைத்துவிடுதல் பொருந்தாது.

“மருந்து” என்னும் சொல்லும் பிள்ளைகளை மயக்கக்கூடியது. காய்ச்சலுக்குத் தாய் ஊட்டுவதும் மருந்து. தந்தை தோளிற் சுமந்து தெளிப்பதும் மருந்து. இரண்டின் வேறுபாட்டையும் மூன்று வயதுப் பிள்ளை அறியாது. மேலும், 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவருக்குத் தீங்கு செய்யும் அளவில் ஐந்திலொரு பங்கே 12 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளைக்கு அதே தீங்கைச் செய்யப் போதுமாகலாம். ஆதலால் ஒரு மிடறுதானே என்று எண்ணுதற்கு இடமில்லை.

உயரம் காவலாகாது

பிள்ளைக்கு எட்டாதிருக்கட்டும் என்று மருந்துப் போத்தலை அலுமாரியின் உச்சியில் வைப்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். இது நன்மையைப்போலத் தோன்றினும், உண்மையில் ஒன்றுக்கு இரண்டாக அபாயத்தைப் பெருக்குகின்றது.

நடக்கத் தொடங்கிய பிள்ளை விரைவில் ஏறவும் தொடங்குகின்றது. உச்சியில் இருக்கும் பொருளைக் கண்டதும் அதனை எடுக்க வழி தேடுகின்றது. லாச்சிகள் உள்ள அலுமாரியில் அவ்வழி ஆயத்தமாகவே உள்ளது. கீழ் லாச்சியை இழுத்தால் அது முதற்படி. அடுத்த லாச்சியை இழுத்தால் அது இரண்டாம் படி. லாச்சிகள் வெளியே வர வர அலுமாரியின் பாரம் முன்புறத்துக்குச் சாய்கின்றது. அதனோடு பிள்ளையின் நிறையும் சேரும்போது அலுமாரி முழுவதும் முன்னே கவிழ்ந்து பிள்ளையின்மீது விழுகின்றது. அலுமாரி விழாவிடினும் போத்தல் விழும். போத்தல் உடைந்தால் நஞ்சு பிள்ளையின் தோலிலும் கண்ணிலும் படும். பூச்சிநாசினிகளுட் பல தோலின் வழியாகவும் உடலிற் சேர வல்லவை.

அலுமாரி கவிழ்ந்து பிள்ளைகள் இறத்தல் பிற நாடுகளிலும் நிகழ்ந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவில், உடை வைக்கும் அலுமாரிகள் எளிதிற் கவிழாதவாறு செய்யப்படல் வேண்டுமென 2022ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. இங்கு தச்சரிடம் செய்வித்த அலுமாரிக்கும் கடையில் வாங்கிய அலுமாரிக்கும் அக்காவலை வீட்டுக்காரரே செய்துகொள்ளலாம்.

அலுமாரியைச் சுவரோடு பிணைத்தல்

முதலாவதாக, அலுமாரி நிற்கும் தரையைப் பார்த்தல் வேண்டும். முன்கால்கள் பள்ளத்தில் நின்றால் அலுமாரி எப்பொழுதும் முன்னே சாய்ந்திருக்கும். முன்கால்களின் கீழ் மெல்லிய பலகைத் துண்டுகளை இறுக வைத்து, அலுமாரி சுவர்ப்பக்கம் சற்றே சாயும்படி செய்தல் வேண்டும்.

இரண்டாவதாக, அலுமாரியின் மேற்பகுதியை இரு பக்கமும் இரும்புத் தகட்டினாலும் திருகாணியினாலும் சுவரோடு பிணைத்தல் வேண்டும். தகடு அலுமாரியின் மெல்லிய முதுகுப் பலகையிலன்றித் தடித்த சட்டத்திற் பொருந்த வேண்டும். கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய சுவரில் துளையிட்டுச் செருகியை இறுக்கி, அதன் பின்னரே திருகாணியைச் செலுத்த வேண்டும். மண்சுவரில் ஆணி நிலைக்காது. அத்தகைய வீட்டில், கூரையைத் தாங்கும் தூண்களுள் இரண்டுக்குக் குறுக்கே ஒரு மரச்சட்டத்தை அறைந்து, அதனோடு அலுமாரியைப் பிணைப்பது உறுதியானது.

மூன்றாவதாக, பாரமான பொருள்கள் கீழ் லாச்சியிலும், பாரமற்றவை மேல் லாச்சியிலும் இருத்தல் வேண்டும். லாச்சி முழுவதும் வெளியே வராதபடி அதன் பின்புறத்தில் ஒரு சிறு மரக்கட்டையைத் தடையாக அறைந்துவிடலாம். அலுமாரியின் உச்சியில் தொலைக்காட்சிப் பெட்டி, விளையாட்டுப் பொருள், இனிப்புப் போத்தல் முதலியவற்றை வைத்தல் தகாது. பிள்ளை விரும்பும் பொருள் மேலே இல்லையாயின் அது ஏறுவதற்கு ஏதுவும் குறையும்.

நஞ்சுக்குத் தனிப்பெட்டி

பயிர் மருந்துக்கெனத் தனியே ஒரு பெட்டி இருத்தல் இன்றியமையாதது. உணவு, உடை, விதை, மாட்டுத்தீவனம் ஆகியவற்றுள் எதனையும் அதில் வைத்தல் கூடாது. ஒரே இடத்தில் உணவும் நஞ்சும் இருப்பதன் கேட்டுக்குக் கேரளத்தில் 1958ஆம் ஆண்டில் நிகழ்ந்த துன்பம் சான்றாகும். கப்பலில் உணவுப் பொருளோடு ஏற்றப்பட்ட பரதியோன் என்னும் பூச்சிநாசினி கசிந்து மாவிற் கலந்தமையால், அதனை உண்டவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

தோட்டப்புறங்களில் லயன் வீடுகள் பலவற்றில் ஒரு காம்பராவும் சிறிய இஸ்தோப்புமே உண்டு. சமைப்பதும் உறங்குவதும் பிள்ளைகள் படிப்பதும் அங்கேயே நடைபெறுவதனால், மருந்துக்கென வேறு அறையை ஒதுக்குதல் அவ்வீடுகளில் இயலாது. அங்கேயே பூட்டுள்ள பெட்டியின் தேவை மிகுதியாகின்றது. மழை படாத வெளிச்சுவரிலேனும் இஸ்தோப்பிலேனும், அடுப்புக்கும் படுக்கைக்கும் தொலைவாக, அதனைச் சுவரோடு பிணைத்து அமைக்கலாம்.

அப்பெட்டி பின்வருமாறு இருத்தல் நன்று:

1. இரண்டடி உயரமும் ஒன்றரையடி அகலமும் உள்ள பலகைப் பெட்டி ஒரு குடும்பத்துக்குப் போதும். அதனிற் பெரிதாயின் வேண்டாதனவும் சேரும்.

2. கதவின் பிணைச்சல்கள் உட்புறமாக அமைய வேண்டும். வெளியே தெரியும் திருகாணியைக் கழற்றினால் பூட்டு இருந்தும் பயனில்லை.

3. கொண்டியும் பூட்டும் வேண்டும். சாவி, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். பெட்டியின் அருகே ஆணியில் தொங்கும் சாவி பூட்டைத் திறந்து வைத்ததற்கு ஒப்பாகும்.

4. தூள் மருந்து மேற்றட்டிலும் நீர் மருந்து கீழ்த்தட்டிலும் வைக்கப்படல் வேண்டும். கசிந்தால் ஒன்றின்மீது ஒன்று சொட்டாது. கீழ்த்தட்டில் மணல் பரப்பிய தகரத் தட்டை வைத்தால் சிந்தியதை மணல் உறிஞ்சிக்கொள்ளும்.

5. கதவின்மீது “நஞ்சு” எனத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, வாசிக்க அறியாதார்க்காக மண்டையோட்டுக் குறியையும் வரைதல் வேண்டும்.

6. அளக்கும் கிண்ணம், கலக்கும் தடி, கையுறை ஆகியனவும் இப்பெட்டிக்குள்ளேயே பூட்டப்படல் வேண்டும். சமையலறைக் கரண்டியால் மருந்தை அளத்தல் ஒருபோதும் ஆகாது.

போத்தலை மாற்றுதல் ஆகாது

மருந்து எந்தப் போத்தலில் வாங்கப்பட்டதோ அந்தப் போத்தலிலேயே முடியும்வரை இருத்தல் வேண்டும். அயலவருக்குச் சிறிது கொடுப்பதற்காகக் குளிர்பானப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தல் பெருங்கேடு. பிள்ளை சிட்டையை வாசிப்பதில்லை. போத்தலின் உருவத்தையே அறியும். தான் முன்னர் இனிப்பு நீர் அருந்திய போத்தலில் இருப்பதும் இனிப்பு நீரே என அது எண்ணும். அடுப்பு மூட்டவும் விளக்கேற்றவும் வைத்திருக்கும் மண்ணெண்ணெய்க்கும் இது பொருந்தும். இலங்கையில் சிறு பிள்ளைகள் அறியாது அருந்தும் நஞ்சுகளுள் மண்ணெண்ணெய் முதன்மையான ஒன்றாகும்.

வெறும் மருந்துப் போத்தலில் உணவுப் பொருளை வைத்தலும் அவ்வாறே கொடியது. இந்தியாவில் பீகார் மாநிலத்தின் சாரண் மாவட்டத்தில், 2013ஆம் ஆண்டு யூலை 16ஆந் திகதி, பாடசாலையில் மதிய உணவு உண்ட பிள்ளைகளுள் 23 பேர் இறந்தனர். சமையல் எண்ணெயில் மொனோகுரோட்டோபொஸ் என்னும் பூச்சிநாசினி கலந்திருந்தமை சோதனையிற் காணப்பட்டது. முடிந்த போத்தலை மும்முறை நீரால் அலசி, அலசிய நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றிப் பயிருக்குத் தெளித்து, போத்தலில் துளையிட்டுவிடுதல் வேண்டும். துளையிட்ட போத்தல் வேறெதற்கும் உதவாது. அதுவே அதன் நன்மை.

பிள்ளைகள் திறக்க இயலாத மூடி என்று சொல்லப்படுவதையும் முழுதும் நம்புதல் தகாது. 1970ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தின்கீழ் நடைபெறும் சோதனையில், பத்து நிமிடத்துள் நூற்றுக்கு 80 பிள்ளைகளேனும் திறக்க முடியாதிருந்தால் மூடி தகுதி பெறுகின்றது. எனவே நூற்றுக்கு 20 பிள்ளைகள் வரை திறந்துவிட்ட மூடியும் தகுதி பெறலாம்.

இருப்பைக் குறைத்தல்

எல்லாக் காவல்களிலும் சிறந்தது வீட்டில் மருந்து எஞ்சாதிருப்பது. அதற்குக் கணக்கே கருவி. 10 லீற்றர் நீருக்கு 10 மில்லிலீற்றர் எனச் சிட்டை கூறுமாயின், 16 லீற்றர் கொள்ளும் தெளிகருவியை நான்கு முறை நிரப்ப 64 லீற்றர் நீரும் 64 மில்லிலீற்றர் மருந்தும் வேண்டும். இதற்கு 100 மில்லிலீற்றர் போத்தல் போதும். விலை சற்று மலிவு என 400 மில்லிலீற்றர் வாங்கினால் 336 மில்லிலீற்றர் வீட்டில் தங்கும். அயலிலுள்ள இருவர் ஒரே மருந்தைத் தேடுவாராயின், ஒரு போத்தலை வாங்கி ஒரே நாளில் இருவர் நிலத்திலும் தெளித்து முடித்துவிடலாம்.

அநுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இங்கு நோக்கத்தக்கது. பூட்டுள்ள பெட்டிகள் வழங்கப்பட்ட கிராமங்களில், மனத்துயரால் நஞ்சருந்துவோர் தொகை குறைந்ததாகக் காணப்படவில்லை. கொடிய நஞ்சுகள் விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட பின்னரோ நாட்டில் தற்கொலை மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. பூட்டு, சாவி எட்டாத சிறு பிள்ளையைத் தடுக்கும். சாவி இருக்கும் இடத்தை அறிந்தவரைத் தடுக்காது. வீட்டில் நஞ்சு இல்லாமையே அனைவரையும் காக்கும்.

ஆதலால் ஒவ்வொரு போகமும் முடிந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தல் நன்று. சிட்டை அழிந்தவையும் காலங்கடந்தவையும் பயிருக்கு உதவா. தடைசெய்யப்பட்ட பழைய மருந்துகள் இருத்தலும் கூடும். பரதியோன் 1984ஆம் ஆண்டிலும், மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகியன 1995ஆம் ஆண்டிலும், எண்டோசல்பான் 1998ஆம் ஆண்டிலும், பரகுவாட், டைமெதொயேட், பென்தியோன் ஆகியன 2008 முதல் 2011 வரையிலும் இலங்கையில் விலக்கப்பட்டன. இவற்றை ஓயாவில் ஊற்றுதலோ கிணற்றருகே புதைத்தலோ ஆகாது. பூட்டி வைத்து, பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி எண்ணிலோ ஆலோசனை பெறுதல் வேண்டும்.

பிள்ளை நஞ்சை உட்கொண்டால்

வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. உப்பு நீரோ பாலோ எண்ணெயோ கொடுத்தலும் கூடாது. மண்ணெண்ணெய் வாந்தியோடு மேலெழுந்து சுவாசப்பையிற் புகுந்தால் முதலில் இருந்ததினும் பெருந்தீங்கு விளையும். நஞ்சு பட்ட உடையைக் களைந்து, தோலைச் சவர்க்காரமிட்டு நிறைந்த நீரால் கழுவ வேண்டும். கண்ணிற் பட்டிருந்தால் தூய நீரை நெடுநேரம் ஊற்றிக் கழுவ வேண்டும். உணர்வற்ற பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்துதல் நன்று.

உமிழ்நீர் பெருகுதல், வியர்த்தல், கண்மணி ஊசிமுனைபோற் சுருங்குதல், தசை துடித்தல், மூச்சுத் திணறல் ஆகியன பூச்சிநாசினி நஞ்சின் அறிகுறிகளாகும். இவை தோன்றும்வரை காத்திராது, 1990 என்னும் எண்ணில் சுவசெரிய நோயாளர் வண்டியை அழைத்து, அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கொண்டுசெல்லுதல் வேண்டும். மருந்துப் போத்தலையும் சிட்டையோடு உடன் கொண்டுபோதல் மறக்கத்தகாதது. இன்ன நஞ்சு எனத் தெரிந்தால் வைத்தியர் உரிய சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்கலாம்.

ஒரு பலகைப் பெட்டி, ஒரு பூட்டு, நான்கு திருகாணிகள், அரை நாள் வேலை ஆகிய இவ்வளவே இக்காவலுக்கு வேண்டுவன. அடுத்த போகத்துக்கு மருந்து வாங்குமுன் இவ்வேலையைச் செய்து முடித்தல் ஒவ்வொரு கமக்காரரின் கடமையாகும்.