காணாமல் போகும் இரண்டு வோல்ட்

கலிபோர்னியாவின் இண்டியோ ஊர் கடல் மட்டத்துக்குச் சற்றுக் கீழே கிடக்கிறது. அங்கிருந்து அரிசோனாவை நோக்கிக் கிழக்கே போகும் ஐ-10 நெடுஞ்சாலை மூச்சு வாங்க ஏறி, சுமார் 1,700 அடி உயரத்தில் சிரியாகோ சம்மிட் என்ற இடத்தை எட்டுகிறது. அங்கே ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. மோட்டார்ஹோம்காரர்கள் டாங்கை நிரப்பி, ஒரு காபி குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்புவார்கள். வண்டி பழைய செவ்ரோலே பி30 சேசிஸில், 454 கன அங்குல வி8 எஞ்சினோடு கட்டப்பட்டதாக இருந்தால், சில சமயம் மெலிதாக ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்கும். முக்கால் மணி நேரம் கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் உறுமும். மறுநாள் மெக்கானிக் முன்னால் எத்தனை முறை திருப்பினாலும் அத்தனை முறையும் ஸ்டார்ட் ஆகும்.

'லூஸ் காண்டாக்ட்' என்று நம் ஊரில் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவோம். பெரும்பாலும் அது சரியான தீர்ப்புதான். முப்பது அடி நீள வண்டியில் எந்த இடத்தில் லூஸ் என்பதுதான் வழக்கு.

கேரவன் என்றால் நமக்குப் படப்பிடிப்பில் நிற்கும் நடிகர்களின் வண்டி. அமெரிக்காவில் அது பணி ஓய்வு பெற்ற பலரின் குளிர்கால வீடு. அயோவா மாநிலத்து ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ நிறுவனம் 1966-இல் மோட்டார்ஹோம்களைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, நடுத்தரக் குடும்பங்களுக்கும் அது எட்டியது. பெரும்பாலான மோட்டார்ஹோம்களை ஒரே கை கட்டுவதில்லை. சேசிஸ், எஞ்சின், அவற்றுக்கான வயரிங் எல்லாம் ஒரு கம்பெனி. அதன்மேல் வீட்டைக் கட்டி விளக்கு, பம்பு, ஹீட்டர் என்று தன் வயர்களை இழுப்பது இன்னொரு கம்பெனி. ஆகவே வண்டிக்குள் இரண்டு 12 வோல்ட் உலகங்கள். எஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரி. வீட்டுக்கு வேறு பேட்டரிகள். பல வண்டிகளில் வீட்டுப் பக்கத்துக்கு, கோல்ஃப் வண்டியில் போடும் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். இவை போதாதென்று, முகாமில் நிறுத்தியதும் 30 அல்லது 50 ஆம்பியர் பிளக் வழியாக 120 வோல்ட் மின்சாரம் வேறு வந்து சேர்கிறது. இந்த மூன்றும் சந்திக்கும் இடங்களில் ரிலேக்கள், சுவிட்சுகள், போல்ட்டுகள். இரண்டு கம்பெனி வரைபடங்களிலும் தெளிவாக இல்லாத இணைப்பு எங்காவது ஒன்று இருக்கும். என் அனுபவத்தில் சந்தேகத்தை அங்கிருந்து தொடங்குவது நல்லது.

முதலில் ஸ்டார்ட்டரை, நம் மெக்கானிக்குகள் 'செல்ஃப்' என்று சொல்வதை, எடுத்துக்கொள்வோம். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912 கடிலாக் காரில் வந்தது. அதற்குமுன் அவர் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின் மோட்டார் செய்து கொடுத்தவர். சில நொடிகள் மட்டுமே வேலை செய்யும் மோட்டார் சிறியதாக இருக்கலாம், அந்த நொடிகளில் அதை மிஞ்சிய கரென்ட்டைக் கொடுத்து விரட்டலாம் என்பது அவருக்கு அங்கே கிடைத்த பாடம். இன்றும் அதே கதைதான். பெரிய வி8 எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். டீசல் என்றால் இன்னும் அதிகம்.

இந்த 200 என்ற எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. பேட்டரி முனையில் பூத்த உப்பு, துருப்பிடித்த எர்த் போல்ட், உள்ளே அரித்துப்போன கேபிள் என்று ஏதோ ஒன்று நூறில் ஒரு பங்கு ஓம் தடையைச் சேர்த்துவிட்டது என்று வையுங்கள். ஒரு ஆம்பியர் இழுக்கும் விளக்குக்கு அதனால் நஷ்டம் 0.01 வோல்ட், விளக்குக்குத் தெரியவே தெரியாது. 200 ஆம்பியர் இழுக்கும் ஸ்டார்ட்டருக்கோ நஷ்டம் முழுசாக 2 வோல்ட். 'லைட் எல்லாம் பிரகாசமாக எரிகிறது, அதனால் பேட்டரியும் வயரும் நல்லாத்தான் இருக்கு' என்ற வாதம் இங்கேதான் கவிழ்கிறது. மல்டிமீட்டரை ஓம் பக்கம் வைத்துக் கேபிளைச் சோதிப்பதும் இதே ஏமாற்றுதான். மீட்டர் அனுப்பும் கரென்ட் மிகச் சொற்பம். நூற்றுக்கணக்கான செப்பு இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் 'நல்ல கேபிள்' என்று சான்றிதழ் கொடுத்துவிடும். தேர்த் திருவிழாக் கூட்டம் போக வேண்டிய வாசலில் ஒரே ஓர் ஆளை அனுப்பிப் பார்த்துவிட்டு, வழி தாராளம் என்று சொல்வது போலத்தான் அது.

எர்த் விஷயத்தில் மோட்டார்ஹோம் காரைவிட மோசம். காரின் உடல் பெரும்பாலும் இரும்பு. கரென்ட் திரும்பிப் போக எங்கும் வழி உண்டு. மோட்டார்ஹோமின் மேற்கூடு ஃபைபர் கிளாஸ், மரம், அலுமினியச் சட்டம் என்று கலவையானது. திரும்பும் பாதை கீழே உள்ள சேசிஸ் சட்டத்தையும், எஞ்சினைச் சட்டத்தோடு இணைக்கும் ஒரு பட்டையையும் நம்பியிருக்கிறது. அந்தப் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டும் துருவும் இருந்தால், குளிரில் அந்த இணைப்பு வேலை செய்யக்கூடும். சூட்டில் சண்டித்தனம் செய்யக்கூடும்.

பி30-இன் பங்க் தகராறுக்கும் சூடுதான் காரணம். அதன் ஸ்டார்ட்டர்மேல் உட்கார்ந்திருக்கும் சோலினாய்டு என்ற மின்காந்த சுவிட்ச், புகைபோக்கிக் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. மேடு ஏறி வந்து எஞ்சினை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று, குழாயின் வெப்பம் முழுவதும் அதன்மேல் இறங்குகிறது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.39 சதவீதம் கூடும். சுருள் நூறு டிகிரி சூடேறினால் தடை ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல். கரென்ட் குறைகிறது, காந்த இழுவை அதைவிட அதிகமாகக் குறைகிறது. சாவியிலிருந்து சோலினாய்டு வரை வரும் மெல்லிய வயர் ஏற்கெனவே நாலைந்து இணைப்புகளில் வோல்ட்டை இழந்து வந்திருந்தால், இழுப்பதற்குத் தெம்பு இருக்காது. சூட்டைத் தடுக்கும் தகடு, அல்லது சாவியின் வேலையைக் குறைத்து பேட்டரியிலிருந்தே நேராகக் கரென்ட் கொடுக்கும் தனி ரிலே என்று இரண்டு வைத்தியங்கள் பழக்கத்தில் உண்டு. என் ஓட்டு ரிலேவுக்கு.

சத்தத்தைக் கேட்டே பாதி தூரம் போகலாம். 'டக டக டக' என்று வேகமாக அடித்தால், சோலினாய்டு ஒட்டுகிறது, மோட்டார் இழுக்கிறது, வோல்ட் சரிகிறது, சோலினாய்டு விடுகிறது, மறுபடி ஒட்டுகிறது என்று பொருள். பேட்டரியையோ தடித்த கேபிள்களையோ பாருங்கள். அழுத்தமான ஒற்றை 'டக்' என்றால் சோலினாய்டின் உள்ளே உள்ள செப்புத் தட்டு கருகியிருக்கலாம், அல்லது மோட்டாரிலேயே கோளாறு. பரிபூரண மௌனம் என்றால் குற்றவாளி பெரும்பாலும் சாவிப் பக்கத்து வயர். கியரை பார்க்கிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றி ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அப்போது கிளம்பினால், கியர் போட்டிருக்கையில் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் பாதுகாப்பு சுவிட்சைச் சரிசெய்தால் போதும்.

அடுத்தது மீட்டர். பேட்டரியை மட்டும் அளந்து '12.6 இருக்கு, நல்ல பேட்டரி' என்று நிறுத்தக் கூடாது. சாவியைத் திருப்பும்போதே அளக்க வேண்டும். மிதமான வெப்பநிலையில் அப்போது பேட்டரி முனையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத் தூணிலும் (கிளாம்பில் அல்ல, தூணிலேயே), மறுமுனையை ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டிலும் வைத்து ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த வழியில் எங்கோ களவு போகிறது. எர்த் பக்கம் எஞ்சின் உடலுக்கும் நெகடிவ் தூணுக்கும் நடுவே 0.2-க்கு மேல் இருந்தால் சந்தேகப்படலாம். பாதையைப் பாதியாக்கி, அந்தப் பாதியைப் பாதியாக்கி அளந்துகொண்டே போனால் களவு போகும் போல்ட் கையில் சிக்கும். கியர் பார்க்கில் இருக்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும், வண்டிக்கு அடியில் யாரும் படுத்திருக்கக் கூடாது என்பதையெல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வந்து வந்து மறையும் பழுதுக்கு இதுவும் போதாது. மீட்டரை எடுத்து வருவதற்குள் பழுது ஓடிவிடும். பழுது வரும் நேரத்தில் அளவுகோல் ஏற்கெனவே அங்கே காத்திருக்க வேண்டும். சோலினாய்டின் சிறிய முனையிலிருந்து ஒரு நீள வயரை, அதன் தொடக்கத்திலேயே ஒரு பியூஸ் போட்டு, ஓட்டுநர் இருக்கை வரை இழுத்து ஒரு சின்ன பல்பில் கட்டிவிட்டு, வழக்கம்போலப் பயணம் போங்கள். ஒருநாள் சாவியைத் திருப்பியும் எஞ்சின் அசையாதபோது பல்பைப் பாருங்கள். அது பளிச்சென்று எரிந்தால் சாவி, சுவிட்ச், நீள வயர் எல்லாமே நிரபராதிகள்; கோளாறு ஸ்டார்ட்டர் பக்கம். எரியாவிட்டால் சாவிப் பக்கம். மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ வோல்ட் தொலைகிறது, அல்லது பேட்டரியே சரிகிறது. சில ரூபாய் பல்பு செய்யும் இந்த வேலைக்கு ஆயிரக்கணக்கில் விலையுள்ள கருவி தேவையில்லை.

இதைச் செய்யாமல் பலர் சாமான் மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். புதுப் பேட்டரி போட்டதும் இரண்டு வாரம் வண்டி ஒழுங்காக ஓடும். உண்மையில் குணப்படுத்தியது பேட்டரி அல்ல. மாற்றும்போது கிளாம்பைக் கழற்றி, தேய்த்து, இறுக்கியதுதான். உப்பு திரும்பப் பூத்ததும் பழுதும் திரும்பும். அப்புறம் புது ஸ்டார்ட்டர், அப்புறம் ஆல்டர்னேட்டர். டேஷ்போர்டில் உள்ள 'பூஸ்ட்' பொத்தானும் இப்படிக் கண்ணை மறைக்கும். அதை அழுத்தினால் வீட்டுப் பேட்டரிகள் எஞ்சின் பேட்டரியோடு சேர்ந்து தள்ளும். வண்டி கிளம்பிவிடும், நோய் உள்ளேயே இருக்கும்.

வீட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே நிற்கும் பிரிப்பான் ரிலே தனி ரகம். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் இரண்டு பக்கத்தையும் சார்ஜ் செய்ய அது மூட வேண்டும்; நின்றதும் திறக்க வேண்டும். அதன் தட்டுகள் எப்போதாவது ஒட்டிக்கொண்டால், இரவு முழுதும் எரிந்த வீட்டு விளக்கு எஞ்சின் பேட்டரியையும் காலி செய்துவிடும். ஒட்டாத இரவுகளில் காலை வழக்கம்போல விடியும். எஞ்சினை நிறுத்திவிட்டு, வீட்டு விளக்குகளைப் போட்டு, ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கும் நடுவே அளந்தால் வித்தியாசம் தெரிய வேண்டும். பூஜ்யம் காட்டினால் ஒட்டியிருக்கிறது. வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவைக்கும் மாதங்களில் வேறொரு கணக்கு உண்டு. கேஸ் கசிவு அலாரம், ரேடியோவின் நினைவு போன்றவை சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் எடுத்தாலே இரண்டு மாதத்தில் 72 ஆம்பியர்-மணி போய்விடும். அதே மாதங்களில் எலிகளும் வயரைக் கடிக்கின்றன.

கடைசியாக, எஞ்சினுக்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும் ஒரு புகார். பனிக்கால இரவு மூன்று மணிக்கு ஃபர்னஸின் விசிறி ஓடுகிறது, குளிர்ந்த காற்று மட்டும் வருகிறது; காலையில் பிளக்கைச் சொருகியதும் சூடு வந்துவிடுகிறது. அந்த ஃபர்னஸுக்குள் காற்று வேகத்தை உணரும் ஒரு சிறு தகடு சுவிட்ச் இருக்கிறது. விசிறி போதிய வேகத்தில் சுழன்றால்தான் அது மூடும். மூடினால்தான் கேஸ் திறக்கும். பேட்டரி சரிந்து விசிறி தளர்ந்தால் தீ பற்றாது. ஃபர்னஸைக் கழற்றிப் போடுவதற்கு முன், விசிறி ஓடும்போதே அதற்கு வரும் இரண்டு வயர்களில் அளந்து பாருங்கள். 10.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் ஃபர்னஸைத் தொட வேண்டியதில்லை. வீட்டுப் பேட்டரியிலிருந்து அது வரை வரும் ஒவ்வொரு இணைப்பையும், முக்கியமாக சேசிஸ் சட்டத்தில் திருகியிருக்கும் எர்த் போல்ட்டையும், கழற்றிப் பளபளக்கத் தேய்த்து இறுக்கிவிட்டு, மறுபடி அதே இடத்தில் அளக்க வேண்டியதுதான்.