வலையும் வாய்ப்பூட்டும் – 9: காட்டாத உத்தரவு

சென்ற வாரம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின் கதையைப் பார்த்தோம். வெறும் 16 பேர் பின்தொடர்ந்த ட்விட்டர் கணக்கில் ஒரு வரி எழுதியதற்காகப் புதுச்சேரி வியாபாரி ஒருவர் 2012-ல் கைதானார். அடுத்த மாதமே மகாராஷ்டிராவின் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் பிடிபட்டார்கள். ஒருவர் ஃபேஸ்புக்கில் பதிவு போட்டவர், மற்றவர் அதற்கு லைக் போட்டவர். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்று ரத்து செய்தது. ஊரெல்லாம் கொண்டாடினோம். அந்த உற்சாகத்தில் அதே தீர்ப்பின் மறுபாதி கண்ணில் படவில்லை. 69ஏ பிரிவு செல்லும் என்றும் அதில்தான் எழுதியிருந்தது.

66ஏ வந்தால் வாசலில் போலீஸ் ஜீப் நிற்கும். 69ஏ-யில் அந்த ஆர்ப்பாட்டம் கிடையாது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு என்று சில காரணங்களைச் சட்டம் பட்டியலிடுகிறது. அவற்றில் ஒன்றைச் சொல்லி, இணையத்தில் இருக்கும் எதையும் மறைக்கும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். கீழ்ப்படியாத நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறை. சேவை நிறுவனங்கள் ஏன் எதிர்க்கேள்வி கேட்பதில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இப்படி மறைந்தவை எத்தனை? 2014-ல் 471 இணைய முகவரிகள்; 2020-ல் 9,849. இவை நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு. அவை எந்தெந்த முகவரிகள் என்று கேட்டால் பதில் வராது. 2009-ல் வகுத்த விதிகளில் 16-வது விதி, புகாரும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையும் ரகசியமாகவே இருக்க வேண்டும் என்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டாலும் இதே விதியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

உச்ச நீதிமன்றம் 69ஏ-யை ஏன் காப்பாற்றியது என்பதையும் பார்க்க வேண்டும். தடைக்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், பாதிக்கப்பட்டவர் அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், ஆகவே போதிய பாதுகாப்பு இருக்கிறது என்றார்கள் நீதிபதிகள். காகிதத்தில் சரிதான். உத்தரவின் நகலே கைக்கு வராதவர் எதை இணைத்து ரிட் போடுவார்?

வரதட்சணையைக் கிண்டலடிக்க ஒருவர் 2011-ல் ஒரு தளம் தொடங்கினார். மாப்பிள்ளையின் வயது, சாதி, படிப்பு, சம்பளம் எல்லாவற்றையும் நிரப்பினால் ‘உங்கள் விலை இவ்வளவு’ என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். கல்யாணத் தரகர்கள் மனக்கணக்காகப் போடுவதைத்தான் அது வெளிப்படையாகப் போட்டது. அது நையாண்டி என்பது டெல்லியில் சிலருக்குப் புரியவில்லை. 2018-ல் தளம் மறைந்தது. நடத்தியவருக்கு நோட்டீஸும் வரவில்லை, உத்தரவும் வரவில்லை. நகல் கேட்டபோது ரகசியம் என்றார்கள். 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அந்த உத்தரவைப் பார்க்கவும், தன் தரப்பைச் சொல்லவும் அவருக்கு வழி பிறந்தது. ஒரு காகிதத்தைப் பார்ப்பதற்கு நான்கு வருடம்!

நமக்கு இன்னும் நெருக்கமான விவகாரம் விகடனுடையது. 2025 பிப்ரவரி தொடக்கத்தில் அமெரிக்கா 104 இந்தியர்களைக் கைவிலங்கிட்டு ராணுவ விமானத்தில் ஏற்றி அமிர்தசரஸுக்கு அனுப்பியது. சில நாட்களில் பிரதமர் வாஷிங்டன் போகவிருந்தார். ட்ரம்ப் பக்கத்தில் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பது போன்ற கார்ட்டூனை விகடன் ப்ளஸ் இணைய இதழ் அட்டையில் போட்டது. பா.ஜ.க.வின் அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலை புகார் கொடுத்தார். பிப்ரவரி 15, சனிக்கிழமை மாலை முதல் விகடன் தளம் திறக்கவில்லை என்று வாசகர்கள் சொல்லத் தொடங்கினார்கள். சில நெட்வொர்க்குகளில் திறந்தது, சிலவற்றில் திறக்கவில்லை. தடையைச் செயல்படுத்துவது அந்தந்த சேவை நிறுவனம் என்பதால் இப்படித்தான் நடக்கும். பார்ப்பவருக்கு அது தடையாகத் தெரியாது, ‘நெட் சரியில்லை’ என்றுதான் தோன்றும். மோடத்தை அணைத்துப் போட்டுப் பார்ப்பார். அரசின் அறிவிப்பு விகடனுக்கு வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

ஆட்சேபம் ஒரு படத்தின் மேல். மறைந்ததோ சமையல் குறிப்பு, பங்குச்சந்தை, சினிமா விமர்சனம் உட்பட மொத்தத் தளமும். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. மார்ச் 6 அன்று நீதிபதி பரத சக்கரவர்த்தி, அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள், தளத்தைத் திறந்துவிடுங்கள் என்று இடைக்கால உத்தரவிட்டார். தளம் திரும்பியது நல்லதுதான். கார்ட்டூன் முதலில் இறங்க வேண்டியிருந்ததே என்ற உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை.

1987-ல் இதே ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ., மந்திரிகளைக் கேலி செய்த நகைச்சுவைக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. அநியாயமான தண்டனை. ஆனால் சபாநாயகர் பி.எச். பாண்டியன் அதைச் சபையில் எல்லோர் முன்னிலும் அறிவித்தார். யார், எதற்காக, எந்த அதிகாரத்தில் என்பது மறுநாள் காலை டீக்கடை பெஞ்சில் அலசப்பட்டது. எதிர்ப்பு பலமாகக் கிளம்பியதால் இரண்டொரு நாளில் அவரை விட்டுவிட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. வழக்குப் போட்டு வென்று, இழப்பீடாக ஆயிரம் ரூபாய் வாங்கினார். சண்டை போட எதிரில் ஒரு முகம் இருந்தது. 69ஏ அந்த முகத்தைத்தான் எடுத்துவிட்டது. நான் முதன்மையாக ஆட்சேபிப்பது தடையைவிட இதை.

தேசப் பாதுகாப்புக்கு ரகசியம் வேண்டாமா என்று கேட்பார்கள். குண்டு செய்யச் சொல்லித்தரும் பக்கத்தை மூடும்போது யாரும் வழக்காடப் போவதில்லை. தவிர, இணையத்தையே ஒட்டுமொத்தமாக நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று காஷ்மீர் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 2018 மே மாதம் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தியபோதும் உள்துறைச் செயலரின் ஆணை வெளியில் வந்தது. மூன்று மாவட்டத்தை முடக்கும் ஆணையை ஊர் பார்க்கலாம். ஒரே ஒரு பதிவை நீக்கும் ஆணையை எழுதியவரே பார்க்கக்கூடாதா?

இங்கே இன்னொரு சூழ்ச்சியும் இருக்கிறது. பதிவிட்டவருக்கோ, அதை ஏந்தியிருக்கும் நிறுவனத்துக்கோ நோட்டீஸ் கொடுத்தால் போதும் என்கிறது விதி. அதிகாரிகள் நிறுவனத்துக்கு மட்டும் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்கிறார்கள். நிறுவனத்துக்கோ ஏழாண்டுச் சிறை பயம். இந்த விதிகளை எதிர்த்த மனுவில் 2025 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. எழுதியவர் யாரென்று அடையாளம் தெரியும்போது அவருக்கு நோட்டீஸ் போக வேண்டும் என்பதே முதல் பார்வையில் நீதிபதிகளின் கருத்தாக இருந்தது.

இதற்கிடையே அரசுக்கு 69ஏ-யே சுற்றுவழியாகப் படத் தொடங்கிவிட்டது. குழு கூட வேண்டும், காரணம் எழுத வேண்டும். இத்தனை சடங்கு இல்லாமல், வேறொரு பிரிவின் கீழ் மாநிலப் போலீஸ்கூட நீக்கச் சொல்லி நேரடியாக நிறுவனங்களுக்கு அனுப்ப ‘சஹ்யோக்’ என்ற தளம் 2024-ல் வந்தது. எக்ஸ் நிறுவனம் அதை எதிர்த்துக் கர்நாடக உயர் நீதிமன்றம் போய், 2025 செப்டம்பரில் தோற்றது. அந்த வழக்கு அடுத்த வாரம்.

(தொடரும்)