உங்களுக்குத் தெரியுமா? கொங்கு மண்ணில் தனிம அட்டவணை

வகுப்பறைச் சுவரில் தொங்கும் தனிம வரிசை அட்டவணையில் இன்று 118 கட்டங்கள். அதை மனப்பாடம் செய்தே வேதியியலை வெறுத்த பிள்ளைகள் ஏராளம். ஆனால் அந்தக் கட்டங்களில் பல, நம் ஊர்ப்பக்கமே கல்லாகவும் மண்ணாகவும் வார்ப்பாகவும் கிடக்கின்றன. பாடத்தை அங்கிருந்து தொடங்கலாமே!

* காங்கேயத்தை அடுத்த படியூர், கடல்நீல நிறப் பெரில் கற்களுக்குப் பேர்போன ஊர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நொய்யல் கரைக் கொடுமணலில் கல்மணி செய்தவர்கள் பெரிலையும் பட்டை தீட்டினார்கள். இந்தியப் பெரிலுக்கு அன்றைய ரோமாபுரியில் ஏகக் கிராக்கி. அந்தக் கல்வகைக்குள் ஒளிந்திருந்த புதிய தனிமத்தை 1798இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் கண்டறிந்தார். அதுதான் பெரிலியம், அணு எண் 4. 2021 டிசம்பரில் விண்ணுக்குப் போன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதன்மை ஆடி, பெரிலியத்தால் ஆன 18 துண்டுகளின் தொகுப்பு.

* இதே பெரிலியம், தனிம அட்டவணையை வகுத்த மெண்டலீவுக்கும் சோதனை வைத்தது. 1869இல் அவர் தம் காலத்தில் தெரிந்திருந்த 63 தனிமங்களை அணு எடைப்படி அடுக்கி, குணம் ஒத்தவற்றை ஒரே குடும்பமாகச் சேர்த்தார். பெரிலியத்தின் அணு எடை 14 அளவில் இருக்கும் என்று பலர் சாதித்தார்கள். அப்படியானால் அது நைட்ரஜனுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அங்கே அதற்கு இடமில்லை. மெண்டலீவ் அசையவில்லை. இது மக்னீசியத்தின் பங்காளி, எடை 9தான் என்றார். அவரை எதிர்த்து வாதிட்டவர்களில் ஸ்வீடன் நாட்டு நில்சனும் பெட்டர்சனும் உண்டு. 1884இல் பெரிலியம் குளோரைடை ஆவியாக்கி அளந்து பார்த்து, 9 என்பதே சரி என்று ஒப்புக்கொண்டவர்களும் அவர்களேதான். புதுத் தனிமங்களை முன்கூட்டியே சொன்னதற்காகத்தான் மெண்டலீவை எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கென்னவோ, அளந்த எண்ணையே தவறு என்று சொன்ன இந்தத் துணிச்சல்தான் அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

* அந்தப் பங்காளி உறவை நம் ஊர்களிலேயே பார்க்கலாம். அட்டவணையில் பெரிலியத்துக்கு நேர் கீழே மக்னீசியம் (12), அதற்குக் கீழே கால்சியம் (20). மூன்றுக்கும் வெளிக்கூட்டில் இரண்டே எலக்ட்ரான்கள். சேலத்தில் வெட்டும் வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட். மதுக்கரைச் சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட். இரண்டையும் சூளையில் சுட்டால் ஒரே மாதிரி கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, ஆக்சைடு மிஞ்சும். மக்னீசியம் ஆக்சைடு உருக 2,800 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும் என்பதால் சேலத்துக் கல் எஃகு உலைகளுக்கு உள்பூச்சுச் செங்கல் ஆகிறது. மதுக்கரைக் கல் சிமென்ட் ஆனது. ஆக, இந்தக் குடும்பமான இரண்டாம் தொகுதியின் முதல் மூன்று கட்டங்களும் கொங்கு நாட்டுக்குள்ளேயே இருக்கின்றன!

* கோவைப் பவுண்டரிகளில் பம்பு பாடி வார்க்கும் கிரே அயர்னில் இரும்போடு சுமார் 3 சதவீதம் கார்பனும், கொஞ்சம் சிலிக்கானும் உண்டு. கார்பன் செதில் செதிலாக உறைவதால் ஓங்கி அடித்தால் உடைந்துவிடும். உருகிய இரும்பில் சிறிது மக்னீசியம் சேர்த்தால் அதே கார்பன் உருண்டை உருண்டையாகத் திரள்கிறது. வார்ப்பு சட்டென்று உடையாமல் வளைந்து கொடுக்கிறது. பட்டறையில் எஸ்.ஜி. அயர்ன் என்பது இதைத்தான். வார்ப்பில் தங்கும் மக்னீசியம் 0.05 சதவீத அளவுதான்!

* சோடியம் தண்ணீர் பட்டால் சீறும் உலோகம். குளோரின் நச்சு வாயு. இரண்டும் சேர்ந்தால் சமையல் உப்பு. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் துணியில் சாயம் ஏற உதவுவதும் உப்புதான். நொய்யலைக் கெடுத்ததில் அந்த உப்புக்கும் பெரும் பங்குண்டு.

* நிலாவின் மேட்டுநிலங்கள் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்னும் வெளிர்நிறப் பாறையால் ஆனவை. கால்சியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் நிறைந்த பாறை அது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் அதே வகைப் பாறை கிடைப்பதால், அதைப் பொடித்துத்தான் சந்திரயான் சோதனைகளுக்கு நிலா மண்ணைப் போன்ற மண்ணை இஸ்ரோ தயாரித்தது. 2023 ஆகஸ்டில் நிலாவின் தென்துருவப் பகுதியில் இறங்கிய சந்திரயான் 3இன் பிரக்யான் ஊர்தி, அங்கே இந்தத் தனிமங்களோடு கந்தகமும் இருப்பதை உறுதிசெய்தது. முதல் சந்திரயானின் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

* சுண்ணாம்பு மிகுந்த கொங்கு நிலங்களில் துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தாலும் பயிருக்கு எட்டாமல் போவதுண்டு. தென்னையில் இலைகள் விரியாமல் ஒட்டிக்கொண்டு நிற்பதற்குப் போரான் குறைபாடு ஒரு காரணம். மத்திய அரசின் மண்வள அட்டையில் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகளோடு கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் அளவுகளும் இருக்கும். தோட்டம் உள்ளவர்கள் பல இடங்களில் வி வடிவக் குழி எடுத்து, 15 செ.மீ. ஆழம் வரையுள்ள மண்ணைக் கலந்து, அதில் அரைக் கிலோவை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். அட்டை வந்ததும் அதை வீட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்து, ஒவ்வொரு தனிமத்தையும் அட்டவணையில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.