புழு குளவியாகுமா? கோடையில் படிக்கப் பூச்சிப் புத்தகங்கள்

தேர்வு முடிந்து விடுமுறை விட்டாயிற்று. வெளியே வெயில் கொளுத்துகிறது. வீட்டுக்குள் இருந்தபடியே ஓர் ஆராய்ச்சி செய்வோமா?

நீங்கள் காஞ்சிபுரத்தை அடுத்த வாலாஜாபாத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாலாற்றங்கரை ஊர், நெசவாளர் குடும்பங்கள் வாழும் பகுதி. தறி ஓடும் வீட்டில் சற்றே அண்ணாந்து பாருங்கள். உத்தரத்திலோ, சுவர் மூலையிலோ காய்ந்த மண் உருண்டை ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் குளவிக்கூடு. நீங்கள் வேறு ஊராக இருந்தாலும் கவலை இல்லை. குளவி உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும்.

குளவி ஒரு பச்சைப் புழுவைத் தூக்கிவந்து கூட்டில் அடைக்கும். கொட்டிக் கொட்டியே அதைத் தன்னைப்போல் குளவியாக்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பார்த்தது பொய்யல்ல. புழு உள்ளே போனதைப் பார்த்தார்கள். சில வாரம் கழித்துக் குளவி வெளியே வந்ததையும் பார்த்தார்கள். இடையில், மூடிய கூட்டுக்குள் நடந்ததைத்தான் பார்க்கவில்லை.

ஒரு கட்டுரை செய்த வேலை

பிரான்சு நாட்டில் ஜான் ஹென்றி ஃபேபர் (1823–1915) என்ற ஏழைப் பள்ளி ஆசிரியர் இருந்தார். ஒரு குளிர்கால இரவில் லியோன் துஃபூர் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரையைப் படித்தார். ஒருவகைக் குளவி வண்டுகளைப் பிடித்து மண்ணுக்குள் சேமிக்கிறது. அவை பல நாளானாலும் அழுகுவதில்லை. குளவி வண்டைக் கொன்று, அழுகாமலிருக்க ஏதோ மருந்தைச் செலுத்துகிறது என்று துஃபூர் கருதினார்.

ஃபேபர் படித்ததோடு நிற்கவில்லை. குளவியின் வளைகளைத் தேடிப் போனார். வண்டுகளை எடுத்துச் சோதித்தார். அவை சாகவில்லை! குளவி தன் கொடுக்கால் நரம்பு முடிச்சில் குத்தியதால் செயலிழந்து கிடந்தன. 1855இல் இதை எழுதி வெளியிட்டார். புத்தகம் அவருக்கு வழி காட்டியது. பூச்சி அந்தப் புத்தகத்தைத் திருத்தியது.

நம் வீட்டுக் குளவியின் கதையும் இதுவே. சில வகைக் குளவிகள் புழுக்களையும், சில வகை சிலந்திகளையும் கூட்டில் அடைக்கின்றன. அவற்றோடு ஒரு முட்டையும் இடுகின்றன. முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சு, தாய் வைத்துப்போன உணவைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, பிறகு சிறகு முளைத்து மண்ணைத் துளைத்து வெளியேறுகிறது. ஆக, அடைபட்ட புழு குளவியாகவில்லை, குளவிக்கு இரையாயிற்று!

சிலந்தி பிடிக்கும் குளவிகளில் ஒன்றுக்கு 1781இல் ஃபாப்ரீஷியஸ் என்ற டென்மார்க் அறிஞர் நம் மதராசப்பட்டினத்தின் பெயரையே வைத்தார். ஸெலிஃப்ரான் மதராஸ்படானம் என்பது அதன் அறிவியல் பெயர்.

பாஸ்டரின் கேள்வி

பட்டு நெய்யும் ஊர்க்காரர்கள் இதையும் அறிந்துகொள்ள வேண்டும். 1865இல் பிரான்சில் பட்டுப்புழுக்கள் நோயால் மடிந்துகொண்டிருந்தன. அதை ஆராய வந்த லூயி பாஸ்டர், ஃபேபரைத் தேடிச் சென்றார். ஒரு பட்டுக்கூட்டைக் காதருகே வைத்துக் குலுக்கி, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாராம்! உள்ளே கூட்டுப்புழு இருப்பதுகூட அவருக்கு அப்போது தெரியாது. ஆனால் கேட்க அவர் கூச்சப்படவில்லை. சில ஆண்டுகளில் நோயைத் தடுக்க வழி கண்டார்: முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நுண்ணோக்கியில் சோதித்து, நோய் இருந்தால் அதன் முட்டைகளை அழித்துவிடுவது. பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையங்களில் இன்றும் இந்தச் சோதனை நடக்கிறது.

எதைப் படிக்கலாம்?

நூலகத்துக்குப் போங்கள். பெரியசாமித் தூரன் தலைமையில் உருவான பத்துத் தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தில் எறும்பு, தேனீ என்று அகர வரிசையில் தேடுங்கள். ஆங்கிலம் படிப்பவர்கள், 1921இல் வெளிவந்த 'ஃபேபர்ஸ் புக் ஆஃப் இன்செக்ட்ஸ்' நூலைப் பாருங்கள். வீட்டுக்குள் மண்கூடு கட்டும் குளவிக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட எம்.எஸ். மணியின் 'இன்செக்ட்ஸ்' நம் நாட்டுப் பூச்சிகளைப் பற்றியது.

எப்படிச் சரிபார்க்கலாம்?

துளை விழாத, முழுதும் மூடிய குளவிக்கூடு ஒன்றைத் தேடுங்கள். அருகில் குளவி இல்லாதபோது, பெரியவர் ஒருவரின் துணையோடு மெல்லப் பெயர்த்தெடுத்து, அகன்ற வாய்க் கண்ணாடிச் சாடியில் போடுங்கள். வாயை மெல்லிய துணியால் கட்டி, நிழலில் வையுங்கள். நோட்டில் தேதி குறித்துத் தினமும் பாருங்கள். குளவி வெளிவந்ததும் சாடியை வெளியே கொண்டுபோய்த் துணியை அவிழ்த்துவிட்டு விலகி நில்லுங்கள். கையால் தொடவேண்டாம்.

சில கூடுகளிலிருந்து மண்குளவிக்குப் பதிலாகப் பளபளக்கும் பச்சை நிறக் குளவி வரும். அது கூடு கட்டிய குளவியின் பிள்ளை அல்ல. அப்படியானால் அது எப்படி உள்ளே புகுந்தது? புத்தகத்திலும் தேடுங்கள், உத்தரத்திலும் தேடுங்கள்!