சர்க்கரை பூட்டிய நஞ்சு!

மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்னாத வீடு நம் பக்கத்தில் குறைவு. பாயசத்தில் போடும் ஜவ்வரிசியும் அந்தக் கிழங்கின் மாவுதான். ஆனால், அந்தச் செடிக்குள் கொடிய நஞ்சு ஒன்று ஒளிந்திருக்கிறது. அதுதான் சயனைடு!

"காலங்காலமாகச் சாப்பிடுகிறோமே, ஒன்றும் ஆகவில்லையே!" என்பீர்கள். காரணத்தைக் கேளுங்கள்.

பூட்டும் சாவியும்

பூச்சிகளிடமிருந்து தப்பவே செடி இந்த நஞ்சை வைத்திருக்கிறது. அது செடியையே கொன்றுவிடக் கூடாது அல்லவா? அதைத் தடுப்பது ஒரு நொதி. உயிர்களுக்குள் ரசாயன மாற்றங்களை விரைவாக நடத்தும் பொருளையே நொதி என்கிறார்கள்.

சயனைடு அடங்கிய பொருளுடன் இந்த நொதி குளுக்கோஸ் சர்க்கரையை ஒட்டிவிடுகிறது. நஞ்சு சாதுவாகிவிடுகிறது. சர்க்கரை ஒட்டிய அந்தப் பொருளின் பெயர் லினமாரின்.

பூட்டைத் திறக்கும் சாவியும் செடியிடமே உண்டு. அது லினமாரேஸ் என்ற வேறொரு நொதி. இரண்டும் தனித்தனி இடத்தில் இருக்கும். கிழங்கைக் கடித்தாலோ அரைத்தாலோ ஒன்றாகக் கலக்கும். சர்க்கரை கழன்று, நஞ்சு வெளிப்படும்!

முடங்கிய கால்கள்

ஆப்பிரிக்காவில் உள்ள மொசாம்பிக்கின் நம்புலா பகுதியில் 1981-ல் கடும் வறட்சி. மற்றப் பயிர்கள் கருகின. நஞ்சு மிகுந்த கசப்பு மரவள்ளியே மிஞ்சியது. பசியின் அவசரத்தில் மக்கள் அதைச் சரியாகப் பக்குவப்படுத்தாமல் தின்றார்கள். புரதச் சத்து குறைந்த உடம்பால் நஞ்சை முறிக்க முடியவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்கள் முடங்கின. பெண்களும் குழந்தைகளுமே அதிகம். இந்த நோயின் பெயர் கொன்சோ. 'கட்டிய கால்கள்' என்று பொருள். வந்தால் தீராது; வராமல் தடுக்கலாம்.

எளிய வழி

வழி சொன்னவர் ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஹோவர்டு பிராட்பரி. மரவள்ளி மாவில் நீர் விட்டுப் பிசைந்து, மெல்லிதாகப் பரப்ப வேண்டும். வெயிலில் 2 மணி நேரம், நிழலானால் 5 மணி நேரம். மாவில் மிஞ்சியுள்ள நொதி சர்க்கரையைக் கழற்றும். நஞ்சு ஆவியாகப் பறந்துவிடும். செலவே இல்லை! காங்கோ நாட்டுக் கிராமப் பெண்கள் இதைக் கற்றுக்கொண்டு பயன்படுத்தினார்கள்.

நம் அடுப்பங்கரையில்

நம் கடைகளில் சமையலுக்கு விற்பது பெரும்பாலும் நஞ்சு குறைந்த வகை. பயப்பட வேண்டாம், கவனம் போதும். தோலில் நஞ்சு அதிகம், முழுவதும் உரித்துவிடுங்கள். சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவையுங்கள். சர்க்கரை ஒட்டிய நஞ்சு நீரில் கரையும். ஆகவே அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். கசக்கும் கிழங்கைத் தின்ன வேண்டாம். குழந்தைகள் பச்சைக் கிழங்கைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.