பல மொழியினருக்கும் பயன்படும் வலைத்தளம்

பல மொழி பேசுவோர் கூடி வாழும் நகரத்தில், பொது அறிவிப்புகள் யாவருக்கும் விளங்குமாறு அமைதல் அவசியமாகும். பெங்களூர் இதற்குத் தக்க உதாரணம். 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி, பெங்களூர் நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பாதிக்கும் குறைவே. தமிழ், தெலுங்கு, உருது, இந்தி ஆகிய மொழிகளைப் பேசுவோர் அங்கு லட்சக்கணக்கில் உள்ளனர். 2022 செப்டம்பரில் அந்நகரில் வெள்ளம் புகுந்ததைப் போன்ற வேளைகளில், எந்தச் சாலையில் செல்லலாகாது, எங்கு உதவி கிடைக்கும் என்பவற்றை ஒருவர் தமக்குத் தெரிந்த மொழியில் உடனே அறிய வேண்டும். வலைத்தளத்தின் மொழி அமைப்பு அப்போது உயிர் காக்கும் விஷயமாகிவிடுகிறது.

எழுத்து

கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே சேமித்து வைக்கிறது. முன்னாளில் ஓர் எழுத்துருவில் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதற்பாதி ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரியது. அந்த 256 இடங்களுக்குள்ளேயே கன்னட எழுத்துருவும் தமிழ் எழுத்துருவும் தத்தம் எழுத்துகளை வைத்தன. எனவே உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளே தோன்றின.

1991-இல் வெளிவந்த யூனிகோடு முறையில் ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கிடைத்தது. தமிழ்ககரத்தின் எண் 2965. கன்னடக் ககரத்தின் எண் 3221. இவற்றின் வித்தியாசம் சரியாக 256. இந்திய மொழிகளின் ஒத்த எழுத்துகளை ஒரே வரிசையில் வைத்த 1988-ஆம் ஆண்டின் இந்தியக் குறியீட்டு முறையைத் தழுவியதே இதற்குக் காரணம். இதனால் இரு மொழிகளும் ஒரே பக்கத்தில் குழப்பமின்றி நிற்கின்றன. அறிவிப்பைப் படமாக மட்டும் வெளியிட்டால் இப்பயன் முழுவதும் வீணாகும். படத்தில் உள்ள சொற்களைப் பார்வையற்றோருக்கான வாசிப்புக் கருவி பெரும்பாலும் படிக்க இயலாது.

பக்கத்தின் அமைப்பு

ஒவ்வொரு பக்கமும் எம்மொழியில் உள்ளது என்பதைக் கணினிக்கு அறிவிக்கும் குறி ஒன்று உண்டு. அது விடுபட்டால், வாசிப்புக் கருவி தமிழை வேறு மொழியின் உச்சரிப்பில் படிக்க முற்படக்கூடும். உருது வலமிருந்து இடமாக எழுதப்படுவதால், அதற்குரிய பக்கத்தின் அமைப்பையே திருப்ப வேண்டும்; எனினும் அதில் வரும் எண்கள் இடமிருந்து வலமாகவே செல்லும்.

மொழியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்திலேயே இருத்தல் வேண்டும். தமிழ் மட்டும் அறிந்தவர் ஆங்கில எழுத்திலுள்ள பெயரை எவ்வாறு கண்டறிவார்? வருபவர் இருக்கும் ஊரைக் கொண்டு அவருடைய மொழியைத் தீர்மானிப்பதும் தவறு. பெங்களூரில் அவ்வாறு செய்தால், மேற்கூறிய லட்சக்கணக்கானோர் தாம் படிக்க இயலாத பக்கத்தையே காண நேரும்.

மொழிபெயர்ப்பு

ஒலி ஒத்த சொற்கள் பொருளில் வேறுபடுவதுண்டு. ‘அவசரம்’ என்பது தமிழிலும் கன்னடத்திலும் விரைவைக் குறிக்கும். தெலுங்கிலோ அச்சொல்லுக்குத் ‘தேவை’ என்பதே பொருள். அபாய அறிவிப்பின் தலைப்பில் இச்சொல் அப்படியே தெலுங்குக்குச் சென்றால், அதன் வேகம் குன்றிவிடும். மத்திய அரசு 2022-இல் தொடங்கிவைத்த ‘பாஷினி’ போன்ற இயந்திர மொழிபெயர்ப்பு வசதிகள் வேலையை விரைவாக்குகின்றன. ஆயினும் மருந்தின் அளவு, தேதி, ‘கூடாது’ போன்ற எதிர்மறைச் சொற்கள் ஆகியவற்றை அம்மொழி அறிந்த ஒருவர் சரிபார்த்த பின்னரே வெளியிட வேண்டும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் இதை எளிதில் சோதிக்கலாம். அம்மொழி மட்டும் அறிந்த ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, அருகிலுள்ள சுகாதார நிலையத்தின் வேலை நேரத்தைக் கண்டறியச் சொல்ல வேண்டும். பிறர் உதவியின்றி அவர் அதைக் கண்டறிந்தால் அமைப்பு சரியே. இயலாவிடில், அவர் எந்த இடத்தில் தயங்கி நின்றாரோ அவ்விடத்தையே முதலில் திருத்த வேண்டும்.